நாலில் மூன்றாவது

பம்ப் வெடித்தபோது சோதனை அறையில் ஒருத்திதான் இருந்தாள்.

வியாழக்கிழமை, காலை பத்தேகால். நோயாளியின் நரம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் சின்னப் பம்ப் அது. செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதன் குழாயை அவள் வேண்டுமென்றேதான் மடக்கிப் பிடித்தாள். குழாய் அடைத்துக்கொண்டால் மோட்டார் அந்த நிமிஷமே நிற்க வேண்டும். அதுதான் சோதனை. போன வாரம்வரை ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. இன்று நிற்கவில்லை. மோட்டார் முட்டிக்கொண்டே போயிற்று. கண்ணாடி ஊசிக்குழலில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது. அவள் கையை இழுப்பதற்குள் குழல் சிதறிவிட்டது.

ஓடிவந்தவர்கள் பார்த்தபோது மேஜை முழுக்க உப்புத் தண்ணீர், அதில் ரத்தம் கரைந்துகொண்டிருந்தது. மோட்டார் இன்னமும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் வலது உள்ளங்கையை இடது கையால் பொத்தியபடி, "முதல்ல யாராவது ஒயரைப் புடுங்குங்க. என்னை அப்புறம் பாக்கலாம்," என்றாள்.

அலுவலகத்தில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். ஆளும் ஒல்லி, உரசினால் உடனே பற்றிக்கொள்வாள்.

மதியத்துக்குள் காரணம் கிடைத்துவிட்டது. பம்ப்பையும் கணினியையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அடைப்பைக் கவனித்து மோட்டாரை நிறுத்தும் நாலு வரிகள் அதில் இருந்தன. அந்த நாலு வரிகளைக் காணோம். யாரோ எடுத்திருந்தார்கள். யார் என்பதும் தெரிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்தார்கள்.

மணி ஒன்றே முக்காலுக்கு, அவர்கள் சந்தேகப்பட்டவனின் அக்கா வந்து சேர்ந்தாள்.

அக்கா வேறொரு பகுதியில் திருட்டுப் பிரிவு இன்ஸ்பெக்டர். இங்கே அவளுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. சாதாரண உடையில், தலையைக்கூடச் சரியாக வாராமல் வந்திருந்தாள். தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். முகம் பேயறைந்தாற்போல இருந்தது.

"சாப்டியா?"

"இல்ல."

"சரி, சொல்லு. போன்ல ஒண்ணும் புரியல."

"நாலு மணிக்கு மேலாளர் லிஸ்ட்டுக்கு எழுதப் போறாரு. நான்தான் பண்ணேன்னு, என் பேரைப் போட்டு. அப்புறம் போலீஸ் புகார்."

"புகாரை நான் பாத்துக்கறேன்."

"புகார் இருக்கட்டும்க்கா. எனக்கு அந்த லிஸ்ட்தான் பயம். எங்க டிரைவர் பொதுச் சொத்து. உலகத்துல யாரு வேணா திருத்தம் அனுப்பலாம், எல்லாமே ஒரு பொது மெயில் லிஸ்ட்டுக்குத்தான் வரும். அதுல ஒரு தடவை விழுந்ததை யாராலயும் அழிக்க முடியாது. ஊரெல்லாம் நகல் இருக்கும். நாளைக்கு நான் எங்க வேலைக்குப் போனாலும் என் பேரைத் தட்டினா முதல்ல அதுதான் வந்து நிக்கும்."

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ பேரிடம் கேட்டுப் பழகிய அதே குரலில் கேட்டாள்.

"நீ பண்ணினியா?"

தம்பி ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து படியேறிப் போனான்.

பதில் சொல்லாமல் எழுந்து போகிறவர்களைப் பற்றி அக்காவுக்கு அனுபவத்தில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை நினைக்காமலிருக்கப் பார்த்தாள். அவன் பின்னாலேயே ஏறினாள்.

மேலாளரின் அறையில் குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைத்தது. மேலாளர் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போலப் பேசுகிற ஆள். திரையில், அனுப்பத் தயாராக ஒரு மெயில் திறந்திருந்தது. அதில் தம்பியின் பெயர் மட்டும் அக்காவின் கண்ணில் பட்டது.

"உங்க மேல எனக்கு மரியாதை உண்டு மேடம். ஆனா இதுல சந்தேகத்துக்கு இடமே இல்லை. இந்த மாதிரி திருத்தத்தை நாங்க பேட்ச்னு சொல்லுவோம். திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு லிஸ்ட்டுக்கு ஒரு பேட்ச் வந்திருக்கு. அனுப்பினவர் பேர் மழைக்காலம். அப்படி ஒரு ஆளே கிடையாது. மெயிலோட அடியைத் தோண்டினா, அது எங்க சோதனை அறைப் பொதுக் கணினியிலேர்ந்து போயிருக்கு."

"அந்த அறைக்கு யார் போனாங்க?"

"அன்னிக்கு மணி ஒண்ணு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கறப்போ கதவு திறந்திருக்கு. உங்க தம்பி கார்டு."

"பிரின்ட் எடுக்கப் போனேன்," என்றான் தம்பி. "எடுத்துட்டு வந்துட்டேன்."

மேலாளர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். டிரைவருக்குள் போய்ச் சேர்ந்த திருத்தங்களின் பதிவு அது. ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

பம்ப்: மோட்டார்: பயன்படாத சரிபார்ப்பை நீக்கு

"தலைப்பைப் பாருங்க. அச்சு அசல் எங்க முறை. வெளியாள் முதல் தடவையே இவ்வளவு சுத்தமா எழுத மாட்டான். இவன் மூணு மாசமா தலைப்புல திட்டு வாங்கி, விதியெல்லாம் எழுதித் திரைமேலயே ஒட்டி வச்சிருக்கான். இந்தச் சரிபார்ப்பு எதுக்குன்னு கூட்டத்துல கேட்டவனும் இவன்தான்."

"எதுக்குன்னு தெரியாமத்தான் சார் கேட்டேன்."

"அடுத்த வாரம் வாங்கறவங்க வர்றாங்க. பம்ப்போட வேகத்தை அவங்களுக்குக் காட்டணும். இந்த நேரம் பாத்து இப்படி."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு ஒருவர் உள்ளே வந்தார். அலுவலகம் மொத்தமும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடும். வயிறு லேசாக முன்னே வந்திருந்தது. சிரித்தால் கண் காணாமல் போய்விடும். பம்ப்பின் மோட்டார் வேலை முழுவதும் அவர் கையில்.

"அக்கா, சூடா குடிங்க. இவனைப் பெத்தது யாரா இருந்தாலும் வளத்தது நீங்கதானாமே. எனக்கு நம்பிக்கை இருக்கு. மாப்ள ஏதோ தெரியாம பண்ணியிருப்பான்."

தெரியாமல் பண்ணியிருப்பான். அக்காவின் காதில் அது இடறியது. ஆனால் அந்த அறையில் தம்பிக்காக வாய் திறந்த முதல் மனிதர் அவர்தான். கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தலைப்பு விஷயத்தை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

மச்சான் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல மெயில் வரும்க்கா. கத்தரி தலைப்பைப் பாத்துட்டுத்தான் திறப்பாரு."

"கத்தரி?"

"டிரைவரைக் காவல் காக்கறவரு. எங்கேயோ கடல் தாண்டி இருக்காரு. யாரு எதை அனுப்பினாலும் அவரு சரின்னாத்தான் உள்ள போகும். இல்லேன்னா கச்சக் கச்சக்னு வெட்டிடுவாரு. அதான் அந்தப் பேரு. தலைப்புல முதல்ல எந்த வீடுன்னு சொல்லணும், அப்புறம் எந்த ரூம், அப்புறம் என்ன வேலை. வீடு பம்ப், ரூம் மோட்டார், வேலை நீக்கறது. பணிவெல்லாம் கூடாது, கட்டளை போடணும். 'நீக்கியிருக்கிறேன், தயவுசெய்து பார்க்கவும்'னு எழுதினீங்கன்னா மூஞ்சிலயே விட்டெறிவாரு."

"உங்களுக்கு எறிஞ்சிருக்காரா?"

"ஏன் கேக்கறீங்க. போன வருஷம் என்னோட ஒரு பேட்ச்சைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாரு. 'இவ்வளவு வருஷம் வேலை செஞ்ச ஒருத்தர் எழுதினதுன்னு நம்ப முடியல'ன்னு உலகத்துக்கே எழுதினாரு. என் பொண்ணு அதைப் படிச்சுட்டு, அப்பா இது நீயான்னு கேட்டா." அவர் சிரித்தார், கண் காணாமல் போயிற்று. "இந்த வாரம் பரவாயில்ல. என்னோட மூணும் வெட்டு இல்லாம உள்ள போயிடுச்சு."

மணி இரண்டேகால். சும்மா உட்கார அக்காவால் முடியவில்லை. தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சோதனை அறையைப் பாக்கணும். அந்த மெயிலையும் பாக்கணும்."

"இப்பத்தானே மேடம் காட்டினேன்," என்றார் மேலாளர்.

"நீங்க காட்டினது பதிவு. எனக்கு மெயில் வந்தபடியே வேணும். எங்க வேலைல திருடு போன பொருளை யாராவது தொடச்சு, பளபளன்னு கொண்டுவந்து குடுத்தா எங்களுக்குப் பிடிக்காது."

சோதனை அறைக் கதவைத் தாங்கிக்கொண்டு ஒரு நாற்காலி நின்றது. உள்ளே புழுக்கம் தாங்காது என்று யார் முதலில் திறந்தாலும் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம்வரை கதவு திறந்தே கிடக்கும் என்று தம்பி சொன்னான். மேலாளருக்கு அது தெரியாது. அவர் அறையில் புழுக்கம் இல்லை. அப்படியென்றால் கார்டு யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காப்பாற்றவும் இல்லை.

தீக்குச்சி மருத்துவமனைக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டிருந்தாள். வலது கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக மடியில் கிடந்தது. தம்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போகலையாம்மா?" என்றாள் அக்கா.

"எதுல தப்புன்னு தெரியாம எப்படிப் போறது? நான் மடக்கினது வெறும் ரப்பர் குழாய். இதுவே ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல யாரோட கையிலயாவது இருந்திருந்தா?" அவள் இடது கையால் தட்டுத்தடுமாறி மெயிலைத் திறந்தாள். மச்சானும் தம்பியும் அக்காவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

[பேட்ச் 3/4] பம்ப்: மோட்டார்: பயன்படாத சரிபார்ப்பை நீக்கு

அக்கா திரைக்கு அருகே குனிந்தாள். "முன்னாடி இருக்கே, சதுர அடைப்புக்குள்ள. அந்தப் பதிவுல இது இல்லையே."

"அது ஒண்ணுமில்லக்கா," என்றார் மச்சான். "வாழைப்பழத் தோல் மாதிரி. மெயில்ல இருக்கும். டிரைவருக்குள்ள போறப்போ, பேட்ச் வெட்டி ஒட்டற கருவியே அதை உரிச்சுட்டுப் போயிடும். நாங்க யாரும் அதைப் பாக்கறதே இல்ல."

"மூணு, கோடு, நாலு. அப்படின்னா?"

"நாலு பேட்ச்ல இது மூணாவதுன்னு அர்த்தம்," என்றான் தம்பி.

"சரி. மத்த மூணும் எங்க?"

காலையிலிருந்து அலுவலகத்தில் பத்துப் பேராவது இந்த மெயிலைப் படித்திருப்பார்கள். கடல் தாண்டி ஒருவர் படித்து, சரி என்று உள்ளேயும் விட்டிருக்கிறார். அந்தக் கேள்வி ஒருவர் வாயிலும் வரவில்லை. தோலைப் பார்த்துப் பழகாத கண்கள்.

தீக்குச்சி தேடினாள். மழைக்காலம் என்ற பெயரில் வேறு மெயிலே இல்லை.

"புது ஆளுங்க தப்பா நம்பர் போடறது சகஜம்தான்," என்றார் மச்சான்.

"நம்பரை யாரு போடறது?"

"கருவி," என்றாள் தீக்குச்சி. "நாம செஞ்ச மாத்தத்தையெல்லாம் மொத்தமா வெட்டிக் குடுன்னு சொன்னா, அதுவே ஒண்ணுல ஆரம்பிச்சு எண் போட்டுத் தனித்தனியா தரும்."

"அப்போ யாரோ நாலைச் சேர்த்து வெட்டியிருக்காங்க. இந்த ஒண்ணை மட்டும் உருவிப் பொய்ப் பேர்ல அனுப்பியிருக்காங்க. மிச்சம் மூணைச் சொந்தப் பேர்ல அனுப்பியிருக்கலாம். இந்த வாரம் இந்த டிரைவருக்கு மூணு பேட்ச் அனுப்பினது யாரு?"

"நான் அனுப்பினேன்," என்றான் தம்பி மெதுவாக.

"டேய், வாயை மூடுடா," என்றார் மச்சான், அவன் தோளைப் பிடித்து.

"பொய் சொல்லச் சொல்றீங்களா? செவ்வாய்க்கிழமை அனுப்பினேன். மூணு."

வாசலில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "நன்றி மேடம்," என்றார். "என் மெயில்ல ஒரு வரி குறைஞ்சுது. இப்போ அதுவும் கிடைச்சுடுச்சு."

அக்கா வெளியே நடைபாதைக்கு வந்துவிட்டாள். ஜன்னலிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை, குழாயிலிருந்து ஜன்னல்வரை நடந்தாள். கீழே தெருவில் ஒரு ஆள் ஏணியில் ஏறி விளம்பரப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் எதையும் பார்க்கவில்லை. ஒன்றுக்குப் பத்து நிமிஷம் முன்னால் அவன் கார்டு. அவன் ஒட்டி வைத்த விதிகள். அவன் அனுப்பிய மூன்று. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படியேறிய முதுகு. வேறு யாருடைய தம்பியாக இருந்தாலும் இந்நேரம் ஜீப்பில் ஏற்றியிருப்பாள்.

சட்டென்று நின்றாள். வேறு யாருடைய தம்பியாக இருந்தாலும் பொருளை வைத்துப் பொருத்திப் பார்க்காமல் ஏற்றியிருப்பாளா? ஒரு வீட்டில் துணி கிழிந்திருக்கிறது, இன்னொருவன் பையில் துண்டுத் துணி கிடக்கிறது என்றால், இரண்டின் ஓரத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதானே முதல் வேலை?

திரும்பிப் போனபோது தீக்குச்சி தனியாக இருந்தாள். அக்கா கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலியை எடுத்து, அதையே போட்டு உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது.

"பேட்ச்னா ஒட்டுத் துணிதானே? எங்க ஒட்டணும்னு எப்படித் தெரியும்?"

"மாத்தற வரிக்கு மேலயும் கீழயும் பழைய வரி சிலது சேர்ந்தே வரும். அதை வச்சு அடையாளம் கண்டுபிடிச்சு ஒட்டிக்கும்."

"மேல கீழ இருக்கற வரின்னா, அனுப்பினவரோட கணினில அந்த நேரம் எப்படி இருந்துச்சோ அப்படி?"

"ஆமா."

"அப்போ நாலாவது பேட்ச் வெட்டறப்போ மூணாவது ஏற்கனவே ஒட்டியிருக்கும். இந்த நாலு வரி அங்க ஏற்கனவே இல்லாம இருக்கும். அந்த ஓரம் அப்படியே நாலாவதுல தெரியுமா?"

தீக்குச்சி அவளையே பார்த்தாள். கட்டுப் போடாத கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனாள். "தெரியும். பக்கத்து வரியைத் தொட்டிருந்தா தெரியும்."

இந்த வாரம் மூன்று மூன்றாக அனுப்பியவர்கள் மூவர். தம்பி, மேலாளர், மச்சான். தம்பியினுடையதை முதலில் திறக்கச் சொன்னாள் அக்கா. மூன்றுமே பம்ப்பின் சின்னத் திரையில் எழுத்து எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பது பற்றியவை. தலைப்பிலேயே வேறு ரூம். அந்த நாலு வரிகளின் பக்கத்திலேயே அவன் போகவில்லை.

"அவன் இல்ல," என்றாள் தீக்குச்சி. சொல்லிவிட்டுக் கட்டுப் போட்ட கையையே குனிந்து பார்த்தாள். "காலையிலேர்ந்து அவன் முகத்தைக்கூடப் பாக்கல நான்."

"அடுத்ததைத் திற."

மேலாளரின் மூன்று, பேட்டரியைப் பற்றியவை. பிறகு மிச்சமிருந்ததைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் அவள் விரல் நின்றது. வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். பிறகு அனுப்பிய நேரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கத்தரியோட போன் நம்பர் வேணுமா?"

"அவர் எழுந்திருப்பாரா?"

"எழுப்புவோம். எனக்குக் கை வலில உக்கார முடியல, அவரு மட்டும் எதுக்குத் தூங்கணும்?"

மூன்றே முக்கால். மேலாளரின் அறையில் ஐந்து பேர். போனை ஒலிபெருக்கியில் போட்டு அக்கா மேஜை நடுவில் வைத்தாள்.

"மச்சான்," என்றாள். "உங்க மூணு பேட்ச்சும் எப்போ அனுப்பினீங்க?"

"திங்கட்கிழமை காலைலக்கா. பத்து மணி இருக்கும்."

"மழைக்காலம் அனுப்பினது அன்னிக்கு மதியம் ஒரு மணி. கத்தரி அதை டிரைவருக்குள்ள விட்டது புதன்கிழமை. அதுவரைக்கும் அந்த நாலு வரி எல்லாருக்கும் அங்கயே இருந்துது. சரிதானே?"

"சரிதான்."

"உங்க மூணாவது பேட்ச் அந்த நாலு வரிக்கு அடுத்த வரியை மாத்துது. அந்த வரிக்கு மேல பழைய வரி சிலது ஒட்டிக்கிட்டு வந்திருக்கணும். தீக்குச்சி படிச்சா. அந்த நாலு வரி அதுல இல்ல. உங்க கணினில திங்கட்கிழமை காலைலயே அதைக் காணோம். மழைக்காலம் எழுதறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி."

மச்சானின் முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே தங்கியிருந்தது.

"பழைய நகலா இருக்கும்க்கா. எங்கயாவது கலந்திருக்கும்."

"பழைய நகல்ல அந்த வரி இருந்திருக்கும். புதுசுலதான் இல்ல." போன் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க சொல்லுங்க."

ஒலிபெருக்கியிலிருந்து தூக்கம் கலையாத கரகரத்த குரல் வந்தது. "திங்கட்கிழமை அந்த மூணையும் போட்டுப் பாத்தேன். கடைசி ஒண்ணு ஒட்டல. அப்புறம் பாக்கலாம்னு விட்டுட்டேன். புதன்கிழமை இந்த ஒத்தை பேட்ச்சை உள்ள விட்டேன், அதுக்கப்புறம் அதுவும் தானா ஒட்டிக்கிச்சு. ஏன்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல."

"நாலில் மூணாவதுன்னு போட்டிருந்துதே?"

"தலைப்பு சுத்தமா இருந்துது. சுத்தமா இருந்தா உள்ள என்ன இருக்குன்னு துருவிப் பாக்கத் தோணறதில்ல. அது என் தப்பு."

அக்கா மச்சானிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "முதல்ல நாலா வெட்டினீங்க. அந்த வரியை நீக்கறதுல உங்களுக்கே பயம். அதை ஒதுக்கிட்டு மீதியை அப்படியே வச்சு, எண்ணை மட்டும் கையால மூணா மாத்தி அனுப்பினீங்க. அனுப்பினப்புறம்தான் அது இல்லாம கடைசி ஒண்ணு ஒட்டாதுன்னு தெரிஞ்சுது. முதல்ல வெட்டின நாலுலேர்ந்து அந்த ஒண்ணை எடுத்துக்கிட்டு, மதியம் நாற்காலி முட்டுக்கொடுத்த கதவு வழியா உள்ள போனீங்க. பேரை மாத்தினீங்க. அடைப்புக்குள்ள இருந்த எண்ணை மாத்தல. நீங்கதான் சொன்னீங்களே, யாரும் பாக்கறதே இல்லைன்னு. நீங்களும் பாக்கல."

மச்சான் மெல்ல உட்கார்ந்தார். "அந்தச் சரிபார்ப்பு அவசியமில்லாதப்பவும் மோட்டாரை நிறுத்துதுக்கா. வேகம் வரவே மாட்டேங்குது. தேவையில்லாததுன்னு நிஜமாவே நம்பினேன். ஆனா என் பேர்ல அனுப்பித் தப்பாப் போச்சுன்னா..." போனைப் பார்த்தார். "என் பொண்ணு மறுபடி படிப்பா."

"அது திங்கட்கிழமை கதை. இன்னிக்குக் காலைல இவ கை கிழிஞ்சுது. இவன் பேரை எல்லாரும் சொன்னாங்க. அப்போ?"

"நாலு மணிக்குள்ள சொல்லிடலாம்னுதான்..."

"எனக்குத் தேநீர் கொண்டுவந்து, மாப்ள தெரியாம பண்ணியிருப்பான்னீங்க."

மேலாளர் தன் திரையிலிருந்த மெயிலை அழித்தார். அழித்துவிட்டு, தம்பியின் பக்கம் திரும்பாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பேசினது போதும்," என்றது போனிலிருந்த குரல். "அந்த டிரைவரை இந்த நிமிஷம்கூட யாரோ எடுத்து எங்கேயோ போட்டுக்கிட்டிருக்கலாம். அந்த நாலு வரி உடனே திரும்பி வரணும். எடுத்தவரே சொந்தப் பேர்ல எழுதட்டும், என்ன நடந்துச்சுன்னு உள்ள விவரமா. எழுதாத வேற ஒருத்தர் வரிவரியாப் படிச்சுட்டு, படிச்சேன்னு தன் பேரைப் போடணும். அது இல்லாம இனிமே நான் எதையும் உள்ள விடறதா இல்ல."

மச்சான் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். எழுத நேரம் பிடித்தது. ஒரு வரி அடிப்பார், அழிப்பார், மறுபடி அடிப்பார். அவருடைய சொந்தப் பெயரை அடிக்கும்போது மட்டும் நிறுத்தாமல் அடித்தார்.

தம்பி ஜன்னலோரம் நின்றிருந்தான். அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"நீயும் நினைச்சே, இல்ல?" என்றான் வெளியே பார்த்தபடி.

இல்லை என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான்.

"நினைச்சேன். மூணு அனுப்பினேன்னு சொன்னியே, அப்போலேர்ந்து கொஞ்ச நேரம்."

"படியில கேட்டியே. என் அக்கா கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். இன்ஸ்பெக்டர் கேட்ட மாதிரி இருந்துது."

"தப்புதான்டா."

அவன் தலையை மட்டும் அசைத்தான். மன்னித்த மாதிரியும் இல்லை, மன்னிக்காத மாதிரியும் இல்லை.

"முடிச்சுட்டேன்," என்றார் மச்சான். எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். படித்துப் பெயர் போட ஒருவர் வேண்டும். மேலாளர் வாயைத் திறப்பதற்குள் தம்பி போய்த் திரைக்கு முன்னால் நின்றான். மச்சான் எழுந்து இடம் விட்டார்.

தம்பி தலைப்பைத் தாண்டிக் கீழே போனான். விளக்கத்தைப் படித்தான். திரும்பி வரும் நாலு வரிகளைப் படித்தான், அவற்றின் மேலும் கீழும் இருந்ததையும் படித்தான். மணி நாலைத் தாண்டியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மறுபடி விளக்கத்துக்குப் போய் ஓரிடத்தில் நின்றான்.

"இங்க 'ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது'ன்னு இருக்கு. எதனால, என்ன சோதனை பண்ணப்போன்னு எழுதலையே. அடுத்து ஒருத்தன் இந்த வரி தேவையில்லைன்னு நினைப்பான். அவனுக்குத் தெரியணும்ல?"

மச்சான் குனிந்து அந்த இடத்தில் எழுதினார். குழாய் அடைபட்டபோது மோட்டார் நிற்கவில்லை, ஊசிக்குழல் வெடித்தது, சோதனை செய்தவரின் கை கிழிந்தது. தம்பி அதையும் படித்தான். பிறகு தன் பெயரை முழுதாக அடித்து, அனுப்பினான்.